ஆவிக்குப் பட்டா போட்ட கதை

நிலத்துக்குப் பட்டா வாங்குவது எந்த ஊரிலும் உள்ளதுதான். ஆள் அசந்த நேரம் பார்த்துப் புறம்போக்குக்கே பட்டா வாங்கிய சாமர்த்தியசாலிகளையும் பார்த்திருக்கிறோம். படகை ஓட்டும் நீராவிக்குப் பட்டா வாங்கிய குடும்பம் ஒன்று நியூயார்க்கில் இருந்தது. பட்டா கொடுத்தது மாநிலச் சட்டசபை. அதை ரத்து செய்ய அமெரிக்க சுப்ரீம் கோர்ட் வரை போக வேண்டியிருந்தது. நடுவில் ஒரு முன்னாள் கவர்னர் சொந்த வீட்டு வேலியைத் தாண்டி ஓடினார், ஒரு பொறியியல் மேதை உயிரை விட்டார், ஒரு படகுக்காரப் பையன் கோடீஸ்வரனானான். பயணிகள் வழக்கம்போல டிக்கெட் வாங்கிக்கொண்டு நின்றார்கள்.

செத்தவர் கணக்கில் ஒருவர்

முதல் பட்டாதாரர் ஜான் ஃபிட்ச். 1787 ஆகஸ்டில் ஃபிலடெல்ஃபியாவில் பெரிய மனிதர்கள் கூடி அரசியல் சாசனம் எழுதிக்கொண்டிருந்தார்கள். வெளியே டெலவேர் ஆற்றில் ஃபிட்ச் ஒரு படகை விட்டு, ஆவியின் பலத்தில் துடுப்புகள் தாமாகவே வலிப்பதைக் காட்டினார். பார்த்தார்கள், பாராட்டினார்கள், உள்ளே போய் விட்ட இடத்திலிருந்து எழுதினார்கள். மாநிலங்களுக்கு இடையேயான வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் காங்கிரஸுக்கு உண்டு என்று ஒரு வரியும் அதில் விழுந்தது. ஆற்றில் ஆளேற்றிப் போகும் படகு வணிகத்தில் சேர்த்தியா என்று அன்றைக்கு எவரும் கேட்கவில்லை. அதற்குப் பதில் கிடைக்க 37 வருடம் ஆயிற்று.

அதே 1787-இல் நியூயார்க் சட்டசபை, தன் எல்லைக்குள் ஆவிப் படகு ஓட்டும் தனி உரிமையை ஃபிட்சுக்கு 14 வருடம் கொடுத்தது. 1790-இல் அவர் ஃபிலடெல்ஃபியாவுக்கும் டிரென்டனுக்கும் இடையே முறையான பயணிகள் சர்வீஸே நடத்தினார். படகு ஓடியது, கூட்டம் வரவில்லை. கையைச் சுட்டுக்கொண்டு மேற்கே போய்விட்டார்.

1798-இல் அந்த உரிமையின் மேல் கண் வைத்தார் ராபர்ட் லிவிங்ஸ்டன். சாதாரண ஆளில்லை. சுதந்திரப் பிரகடனம் எழுத அமைத்த ஐவர் குழுவில் ஒருவர். வாஷிங்டனுக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தவர். மாநிலத்தின் சான்சலர், அதாவது பெரிய நீதிபதி. ஹட்சன் ஆற்றங்கரையில் கிளெர்மான்ட் என்று ஜமீன் மாதிரி ஒரு பண்ணை. மனுஷனிடம் எல்லாம் இருந்தது, ஓடுகிற படகைத் தவிர.

பட்டா மாற்றத்துக்குக் காரணம் எழுத வேண்டுமே? எழுதினார்கள்: மேற்படி ஃபிட்ச் இறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மாநிலத்தை விட்டுப் போயிருக்க வேண்டும். எது என்று விசாரிக்க ஒருவரும் கிளம்பவில்லை. சட்டம் நிறைவேறியது மார்ச் மாதம். ஃபிட்ச் கென்டக்கியில் உயிரோடுதான் இருந்தார். ஜூலையில்தான் போய்ச்சேர்ந்தார். சட்டசபை சில மாதம் முந்திக்கொண்டது, அவ்வளவுதான்.

நிபந்தனையும் வைத்தார்கள். படகு 20 டன்னுக்குக் குறையக் கூடாது. ஹட்சனின் ஓட்டத்தை எதிர்த்து மணிக்கு 4 மைல் போக வேண்டும். இந்த மசோதாவைக் கொண்டுவந்த டாக்டர் சாமுவேல் மிட்ச்சிலைச் சபையில் ஓட்டி எடுத்துவிட்டார்கள். இளவட்ட உறுப்பினர்களுக்குப் பொழுது போகாதபோதெல்லாம் 'அந்த ஆவிப் படகு மசோதாவை எடுங்கப்பா' என்று கேட்டு வாங்கிச் சிரிப்பார்களாம். எப்படியும் ஓடாத வண்டிக்கு எத்தனை வருடம் பர்மிட் கொடுத்தால் என்ன என்ற தாராளத்தில் கையெழுத்துப் போட்டுத் தந்தார்கள். 20 வருடம்.

மாமன் மச்சான் கம்பெனி

கெடுவுக்குள் லிவிங்ஸ்டனால் படகு விட முடியவில்லை. கெடுவை நீட்டினார்கள். 1801-இல் அவர் தூதராகப் பாரிஸ் போனார். அங்கே நெப்போலியனிடமிருந்து லூசியானா என்ற அரைக் கண்டத்தை நாட்டுக்காக விலை பேசிக்கொண்டே, பக்கத்தில் சொந்தக் காரியத்தையும் பார்த்துக்கொண்டார். அந்தச் சொந்தக் காரியத்தின் பெயர் ராபர்ட் ஃபுல்டன்.

ஃபுல்டன் தொழில்முறையில் ஓவியர். அப்புறம் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று கட்டி, இங்கிலாந்துக் கப்பல்களைத் தகர்க்கலாம் என்று நெப்போலியனிடம் விற்கப் பார்த்தார். அங்கே படியவில்லை என்றதும் இங்கிலாந்துக்கே போய், பிரெஞ்சுக் கப்பல்களைத் தகர்க்கலாம் என்று அதே சரக்கைக் கடை விரித்தார். கொள்கையில் பிடிவாதம் இல்லாதவர். லிவிங்ஸ்டனுக்குத் தேவைப்பட்டதும் அப்படிப்பட்டவர்தான்.

1807 ஆகஸ்ட் 17. இங்கிலாந்தின் போல்டன்–வாட் கம்பெனி இன்ஜின் பொருத்திய ஃபுல்டனின் படகு நியூயார்க்கிலிருந்து ஆல்பனிக்குக் கிளம்பியது. 150 மைல், 32 மணி நேரம். நிபந்தனையின் 4 மைல் வேகம் தாண்டியாகிவிட்டது. சட்டசபையில் சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள். கட்டணம் 7 டாலர். அடுத்த ஜனவரியில் ஃபுல்டன் லிவிங்ஸ்டன் குடும்பத்துப் பெண்ணையே கட்டிக்கொண்டு மாப்பிள்ளையுமாகிவிட்டார். பங்குதாரர் பத்திரத்தைவிட அது கெட்டியான பத்திரம்.

காற்றை நம்பிப் பாய்மரம் விரித்தவர்கள் வயிற்றெரிச்சலில் தங்கள் படகுகளைக் கொண்டுபோய் ஆவிப் படகின் மேல் மோதினார்கள். 1808-இல் அதற்கும் ஒரு சட்டம்: இந்தப் படகுகளைச் சேதப்படுத்தினால் தண்டனை. கூடவே, கம்பெனி புதிதாக விடும் ஒவ்வொரு படகுக்கும் 5 வருடம் உரிமை நீளும், மொத்தம் 30 வருடம் வரை. அதாவது 1838 வரைக்கும் ஹட்சன் ஆறு குடும்பச் சொத்து.

ஆல்பனிக்காரர்கள் சிலர் 'ஹோப்', 'பெர்சவரன்ஸ்' என்று இரண்டு ஆவிப் படகுகளை விட்டுப் பார்த்தார்கள். நம்பிக்கை, விடாமுயற்சி. இரண்டுக்கும் ஆயுசு குறைவு. 1811-இல் வந்த சட்டம் முதலில் ஜப்தி செய், அப்புறம் வழக்கு நடத்து என்றது. 1812-இல் ஜேம்ஸ் கென்ட் என்ற மகா பண்டித நீதிபதி, மாநிலம் செய்தது முழுக்கச் சரி என்று தீர்ப்பு எழுதினார். நம்பிக்கையும் விடாமுயற்சியும் கோர்ட் உத்தரவுப்படி கைவிடப்பட்டன.

எல்லாரையும்விட நொந்துபோனவர் ஜான் ஸ்டீவன்ஸ். ஹட்சனின் மறுகரையில் ஹோபோக்கன் அவருடையது. லிவிங்ஸ்டனின் சொந்த மச்சான், அதாவது மனைவியின் உடன்பிறந்தவர். ஆரம்பத்தில் சேர்ந்து தொழில் செய்தவர்கள். மச்சான் என்பதற்காகத் துறையை விட்டுக்கொடுக்க முடியுமா? ஸ்டீவன்ஸ் கட்டிய 'பீனிக்ஸ்' நியூயார்க் தண்ணீரில் ஓட வழியில்லாமல் 1809-இல் கடல் சுற்றி ஃபிலடெல்ஃபியாவுக்குப் போயிற்று. ஆவிப் படகு ஒன்று கடலில் போனது உலகத்தில் அதுதான் முதல் தடவை. அந்தச் சாதனைக்குக் காரணம் விஞ்ஞான ஆர்வம் என்று பாடப்புத்தகம் சொல்லலாம். உண்மையான காரணம் மச்சானின் பட்டா.

1811-இல் அவர் ஹோபோக்கனுக்கும் நியூயார்க்குக்கும் 'ஜூலியானா' என்ற ஆவிப் படகை விட்டார். அதற்கும் முட்டுக்கட்டை. அப்போதுதான் ஆற்றின் மேல் ஓர் அற்புதம் முளைத்தது: குதிரைப் படகு. சட்டம் நெருப்பாலும் ஆவியாலும் ஓடும் படகைத்தானே தடுக்கிறது? குதிரையைத் தடுக்கவில்லையே! படகின் நடுவே குதிரைகளைப் பூட்டி, செக்கு மாடு போல வட்டம் சுற்ற விட்டு, அந்தச் சுழற்சியில் நீர்ச் சக்கரத்தை ஓட்டினார்கள். 1814 முதல் நியூயார்க் துறைகளில் இவை ஜோராக ஓடின. ஆவி யுகத்தின் தலைநகரத்தில் குதிரைகள் ஆற்றின் மேல் நடந்தே அக்கரை போய்ச்சேர்ந்த காட்சிக்கு, இன்ஜினியரை விட வக்கீலுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

முன்னாள் கவர்னரும் சவுக்கும்

நியூஜெர்சி சும்மா இருக்குமா? நம் படகை அவர்கள் பிடித்தால் அவர்கள் படகை நாம் பிடிக்கலாம் என்று 1811-இலேயே சட்டம் போட்டது. பின்னால் கனெக்டிகட்டும் லிவிங்ஸ்டன் லைசென்ஸ் வைத்த படகு நம் தண்ணீருக்குள் வரக் கூடாது என்றது. ஆற்றில் மீன்களுக்கு மட்டும்தான் பர்மிட் தேவைப்படவில்லை.

நியூஜெர்சியின் எலிசபெத்டவுனில் ஏரன் ஆக்டன் என்று ஒருவர். புரட்சிப் போர் வீரர், 1812-இல் மாநில கவர்னர். நியூயார்க்கின் ஏகபோகம் அநியாயம் என்று கொதித்தார். கொதிப்பு அடங்க அவர் கண்ட மருந்து, நியூஜெர்சி சட்டசபையிடம் தனக்கு ஓர் ஏகபோகம் வாங்கிக்கொண்டதுதான். அதை ரத்து செய்யச் சொல்லி ஃபுல்டனும் அவருடைய வக்கீல் தாமஸ் எம்மெட்டும் 1815 ஜனவரியில் டிரென்டன் போய் வாதாடினார்கள், ஜெயித்தார்கள்.

திரும்பும்போது ஹட்சன் உறைந்து கிடந்தது. அந்த ஆற்றின் முழு உரிமை வைத்திருந்தவர், அன்றைக்கு அதை நடந்து கடக்க வேண்டியதாயிற்று. நடுவழியில் பனி உடைந்து எம்மெட் தண்ணீருக்குள் போனார். ஃபுல்டன் இழுத்துப் போட்டுக் காப்பாற்றினார். வக்கீல் பிழைத்தார், கட்சிக்காரர் சளி பிடித்துப் படுத்து பிப்ரவரி 24 அன்று காலமானார். லிவிங்ஸ்டன் இரண்டு வருடம் முன்பே போயாயிற்று. பட்டா மட்டும் கல்லுக்குண்டாக வாரிசுகள் கையில் இருந்தது.

தன் ஏகபோகம் போன ஆக்டன் நேராக லிவிங்ஸ்டனின் தம்பியிடம் போய்ப் பணம் கட்டி உள்குத்தகை எடுத்தார். எலிசபெத்டவுனிலிருந்து நியூயார்க் வரை அவர் படகுதான் ஓடலாம். அன்று முதல் ஏகபோகம் அவ்வளவு அநியாயமாக அவருக்குத் தெரியவில்லை.

இங்கேதான் தாமஸ் கிப்பன்ஸ் வருகிறார். ஜார்ஜியாவில் அடிமைகளை வைத்துத் தோட்டம் நடத்திச் சேர்த்த பணம். பல தடவை சவானா நகர மேயர். ஆள் கனம், கோபம் அதைவிடக் கனம். ஒரு தேர்தல் தகராறில் துப்பாக்கிச் சண்டைக்கே நின்று, சுட்டும் சுடப்பட்டும் ஒருவருக்கும் ஒன்றும் ஆகாமல் வீடு திரும்பியவர். எலிசபெத்டவுனில் ஆக்டனுக்கு அண்டை வீட்டுக்காரர். இவருடைய குடும்பச் சண்டைக்குள் ஆக்டன் மூக்கை நுழைத்தார். போதாக்குறைக்கு ஒரு புரோநோட்டு விவகாரத்தில் நியூயார்க்கில் வாரண்ட் போட்டு இவரைப் பிடித்தும் வைத்தார்.

1816 ஜூலையில் கிப்பன்ஸ் சவுக்கும் கையுமாக ஆக்டன் வீட்டு வாசலுக்கு வந்தார். சண்டைக்கு வா என்று ஒரு சவால் கடிதமும் கொண்டுவந்தார். போர்க்களம் பார்த்த முன்னாள் கவர்னர் நிலைமையைச் சீர்தூக்கிப் பார்த்து, கொல்லைப்பக்கமாக வேலி தாண்டி ஓடினார். வந்தவர் கடிதத்தைக் கதவில் மாட்டிவிட்டுப் போனார். ஓடியவர் நேராகக் கோர்ட்டில் போய் நின்று, அத்துமீறி நுழைந்ததாக வழக்குப் போட்டு, நஷ்டஈடும் வாங்கினார்.

சவுக்கால் அடிக்க முடியாதவனைத் தொழிலில் அடிப்பது என்று முடிவெடுத்தார் கிப்பன்ஸ். ஆக்டனின் அதே வழித்தடத்தில் படகு விட்டார். அமெரிக்க அரசியல் சாசனத்தின் மிகப் பெரிய தீர்ப்புகளில் ஒன்றுக்குப் பிள்ளையார் சுழி இந்த அண்டை வீட்டுச் சண்டைதான்.

அமீனாவுக்குத் தண்ணி காட்டியவன்

கிப்பன்ஸ் தன் படகுக்கு ஒரு கேப்டனைப் பிடித்தார். 23 வயசு, ஸ்டேட்டன் தீவுக்காரன், பெயர் கார்னீலியஸ் வாண்டர்பில்ட். 16 வயசில் அம்மாவிடம் 100 டாலர் வாங்கிப் பாய்மரப் படகு விட்டு ஆளேற்றியவன். மாதம் 60 டாலர் சம்பளம், படகிலுள்ள மதுக்கடை லாபத்தில் பங்கு. வாய் திறந்தால் துறைமுகமே காதைப் பொத்திக்கொள்ளும்.

'பெலோனா' என்ற படகில் நியூஜெர்சிக் கொடி கட்டி, 'நியூஜெர்சி சுதந்திரமாக இருக்க வேண்டும்' என்று எழுதி, தினமும் நியூயார்க் துறைக்குள் போய் ஆளேற்றினான். ஆக்டன் தடையுத்தரவு வாங்கினார். அமீனாக்கள் துறையில் காத்துக் கிடந்தார்கள். படகு வரும், கேப்டன் இருக்க மாட்டான். படகுக்குள் மறைவாக ஓர் அறை கட்டி அதில் ஒளிந்துகொள்வான் என்று கதை. இன்னொரு கதை: கைது செய்ய ஏறிய அமீனாவையும் சேர்த்துக் கயிற்றை அவிழ்த்துவிட்டான். மறுகரையில் நியூஜெர்சி சட்டப்படி அமீனாவே வழக்கில் மாட்டுவான் என்று தெரிந்ததும், மனுஷன் கையெடுத்துக் கும்பிட்டுக் கரைக்குத் தாவினானாம். இந்தக் கதைகளில் சிலவற்றைச் சொல்லிப் பரப்பியதே வாண்டர்பில்ட்தான் என்பதால் உப்புச் சேர்த்துச் சாப்பிடவும்.

கோர்ட் ஆவணத்திலேயே உள்ளது ஒன்று உண்டு. 1819-இல் வாண்டர்பில்ட்டைப் பிடித்துக் கோர்ட் அவமதிப்பு என்று கென்ட் முன்னால் நிறுத்திவிட்டார்கள். பையன் அமைதியாகச் சொன்னான்: நீங்கள் பிடித்த அன்றைக்கு நான் கிப்பன்ஸிடம் வேலை செய்யவில்லை. டேனியல் டாம்ப்கின்ஸ் கம்பெனிக்குப் படகு ஓட்டினேன். அவரிடம் முறையான லைசென்ஸ் இருக்கிறது. டாம்ப்கின்ஸ் அப்போது நாட்டின் துணை ஜனாதிபதி, பக்கத்தொழில் ஸ்டேட்டன் தீவுக்கு ஃபெரி. கென்ட் வேறு வழியில்லாமல் அனுப்பிவைத்தார்.

கிப்பன்ஸ் கையில் ஒரு துருப்புச்சீட்டு இருந்தது. 1793-இல் காங்கிரஸ், கரையோர வணிகத்துக்கும் மீன்பிடிக்கும் போகிற கலங்களைப் பதிவு செய்து லைசென்ஸ் கொடுக்கச் சட்டம் போட்டிருந்தது. அந்த மத்திய அரசு லைசென்ஸை 1818-இல் தன் படகுகளுக்கு வாங்கிவைத்திருந்தார். கென்ட் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இதெல்லாம் கலத்தின் நாட்டைக் காட்டும் காகிதம், ஆற்றில் ஓட்டும் உரிமையா தரும் என்று ஒதுக்கினார். அப்பீல். சுப்ரீம் கோர்ட்டில் 1821-இல் எடுத்தவுடன், கீழ்க்கோர்ட்டின் இறுதி உத்தரவு ஆவணத்தில் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். மூன்று வருடம் அதில் போயிற்று.

37 வருடம் கழித்து ஒரு பதில்

1824 பிப்ரவரியில் வாஷிங்டனில் வாதம். கிப்பன்ஸுக்கு டேனியல் வெப்ஸ்டரும் அட்டர்னி ஜெனரல் வில்லியம் வர்ட்டும். ஆக்டனுக்கு யார்? அதே எம்மெட். ஒன்பது வருடம் முன்பு டிரென்டனில் ஆக்டனின் ஏகபோகத்தைக் கிழித்துப்போட்டு, பனியில் விழுந்து எழுந்தாரே, அவர். வக்கீலுக்கு ஆற்றின் எந்தக் கரையும் சொந்தக் கரைதான்.

இரு தரப்பும் நாள் கணக்கில் பேசினார்கள். தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் நடுவில் விழுந்து தோள்பட்டை பிசகியதில் தீர்ப்பு கொஞ்சம் தள்ளியது. மார்ச் 2 அன்று சொன்னார்: வணிகம் என்றால் சரக்கு வாங்கி விற்பது மட்டுமில்லை, கலம் ஓட்டுவதும் அதில் அடக்கம். மாநிலங்களுக்கு இடையே ஓடும் படகு காங்கிரஸின் அதிகாரத்துக்கு உட்பட்டது. காங்கிரஸ் கொடுத்த லைசென்ஸ் இருக்கும்போது நியூயார்க் குறுக்கே விழ முடியாது. ஒரு தேசத்தின் பொருளாதாரத்தையே ஒன்றாகக் கட்டிய தீர்ப்பு, மீன்பிடிப் படகுக்கும் பொதுவான ஒரு லைசென்ஸ் காகிதத்தின் மேல் உட்கார்ந்திருந்தது.

ஒரு வருடம் சொச்சத்தில் நியூயார்க் தண்ணீரில் ஆவிப் படகுகள் 6-லிருந்து 43 ஆயின. கட்டணம் சரிந்தது. ஆக்டன் நொடித்துப்போய்க் கடன்காரர் சிறையில் கிடந்தார். பழைய போர்வீரர்களைக் கடனுக்காகச் சிறை வைக்கக் கூடாது என்று நியூயார்க் ஒரு சட்டம் போட்டபின் வெளியே வந்தார். காங்கிரஸ் இரக்கப்பட்டு ஜெர்சி சிட்டியில் சுங்க அதிகாரி வேலை கொடுத்தது. அன்றைக்கு அந்த நாட்டில் படகுகளுக்கு 1793-ஆம் வருடச் சட்டப்படி லைசென்ஸ் கொடுத்தவர்கள் யார் தெரியுமா? சுங்க அதிகாரிகள்.

ஏகபோகத்தை உடைத்த வீரன் வாண்டர்பில்ட் என்ன ஆனான்? 1834-இல் சொந்தப் படகுகளோடு ஹட்சனுக்குள் நுழைந்தான். அங்கே படகு முதலாளிகள் கூட்டுச் சேர்ந்து 3 டாலர் வாங்கிக்கொண்டிருந்தார்கள். இவன் மக்களின் பேரால் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்து கடைசியில் இலவசமாக்கினான். சாப்பாட்டு விலையில் பிடித்துக்கொண்டான். முதலாளிகள் பேச்சுவார்த்தைக்கு வந்தார்கள். 1,00,000 டாலர் ரொக்கம், வருடா வருடம் 5,000 டாலர், பதிலுக்குப் பத்து வருடம் இந்த ஆற்றுப் பக்கம் வரக் கூடாது. வாங்கிக்கொண்டு போனான். மக்கள் பழையபடி முழு டிக்கெட் எடுத்தார்கள்.

ஆற்றைத் திறந்து விடு என்று கத்தியவர்கள் எல்லாரும் 'எனக்கு' என்ற சொல்லை மட்டும் மெதுவாகச் சொன்னார்கள். 1886-இல் காங்கிரஸே நாடு தழுவி ஒரு பட்டா போட்டது: அமெரிக்கத் துறையிலிருந்து அமெரிக்கத் துறைக்கு வெளிநாட்டுக் கலம் பயணிகளை ஏற்றக் கூடாது. அந்தச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது.

வெடித்த பிறகு வரும் அதிகாரி

போட்டி வந்ததும் வேகம் வந்தது. வேகம் வந்ததும் கொதிகலன் வெடித்தது. மார்ஷல் தீர்ப்பு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, 1824 மே மாதம் நியூயார்க் துறைமுகத்தில் 'ஏட்னா' வெடித்து ஆட்கள் செத்தார்கள். பயந்த பயணிகளுக்கு முதலாளிகள் கண்டுபிடித்துக் கொடுத்தது 'பாதுகாப்புப் படகு'. முன்னால் ஆவிப் படகு, பின்னால் கயிற்றில் கட்டி இழுக்கும் இன்ஜின் இல்லாத படகு. காசுள்ளவர்கள் பின்னால் உட்கார்ந்து, முன்னால் வெடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போகலாம். 'லேடி கிளின்டன்' என்று பெயரும் வைத்தார்கள். முன்னால் போகும் இன்ஜின்காரனுக்கு என்ன பாதுகாப்பு என்பது விளம்பரத்தில் இல்லை.

1838-இல் காங்கிரஸ் கண் திறந்தது. கொதிகலனை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சோதிக்க வேண்டும். சோதிப்பவருக்குக் கூலியைக் கொடுப்பவர் படகு முதலாளி. 'அனுபவமும் திறமையும் உள்ள' இன்ஜினியர்கள் இருக்க வேண்டும். திறமையை எப்படி அளப்பது என்று சட்டத்தில் இல்லை. அதே சட்டத்தில் ஒரு ஓரமாக, கவனக்குறைவால் உயிர் போனால் கேப்டனும் இன்ஜினியரும் கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்துக்கு ஆளாவார்கள் என்று ஒரு பிரிவு. அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1852 ஜூலையில் 'ஹென்றி கிளே' என்ற படகு ஹட்சனில் பந்தயம் ஓடித் தீப்பிடித்ததில் ஏறக்குறைய 80 பேர் மாண்டார்கள். ஒரே மாதத்தில் கடுமையான சட்டம் வந்தது. அரசுச் சோதனையாளர்கள், இன்ஜினியருக்கும் பைலட்டுக்கும் லைசென்ஸ், உயிர்காப்புப் படகுகள். எல்லாம் சரி, கடைசியில் ஒரு வரி: ஃபெரிகளுக்கு இது பொருந்தாது. தினமும் ஊரையே ஏற்றி இறக்கும் படகுக்கு மட்டும் விலக்கு. குறுக்கே போய் வருகிற தூரத்தில் என்ன ஆகிவிடும் என்ற எண்ணம் போலிருக்கிறது. பின்னால் ஃபெரிகளையும் சட்டத்துக்குள் இழுத்தார்கள். 1871 ஜூலையில் ஸ்டேட்டன் தீவு ஃபெரி 'வெஸ்ட்ஃபீல்ட்' துறையில் நிற்கும்போதே வெடித்து எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஒன்றரை மாதம் முன்புதான் அதைச் சோதித்து 'நல்ல நிலை' என்று சான்று கொடுத்திருந்தார்கள். கம்பெனித் தலைவர் ஜேக்கப் வாண்டர்பில்ட், நம் பழைய கேப்டனின் தம்பி. கைது செய்தார்கள். தண்டனை ஒன்றும் இல்லை.

1904-இல் 'ஜெனரல் ஸ்லோகம்' எரிந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், போனபோது வேறொன்று வெளியே வந்தது. உயிர்காப்பு அங்கிக்குள் இத்தனை எடை தக்கை இருக்க வேண்டும் என்பது விதி. தக்கைக் கட்டியின் நடுவே இரும்புத் துண்டைச் செருகி எடையைச் சரிக்கட்டி விற்கப் பார்த்த கம்பெனி ஒன்று விசாரணையில் சிக்கியது. மிதப்பதற்கான சாமானில் இரும்பு. தராசு முள் சரியாக நின்றது, விதி நிறைவேறியது.

முதலாளி: மாநகராட்சி

கடைசியாக ஒரு சட்டம். 1840-இல் வாண்டர்பில்ட் கட்டி விற்றிருந்த 'லெக்சிங்டன்' கடலில் எரிந்தது. பிழைத்தவர்கள் நாலே பேர். வங்கி ஒன்று தன் 18,000 டாலர் நாணயங்களுக்காக வழக்குப் போட்டு 1848-இல் சுப்ரீம் கோர்ட்டில் ஜெயித்தது. செத்தவர்களைப் பற்றிக் கவலைப்படாத கப்பல் முதலாளிகள் நாணயத் தீர்ப்பில் மிரண்டுபோனார்கள். 1851-இல் காங்கிரஸ் அவர்களுக்கு ஆறுதல் சொன்னது: முதலாளிக்குத் தெரியாமல் விபத்து நடந்தால், விபத்துக்குப் பிறகு கலத்துக்கு என்ன மதிப்போ அதற்கு மேல் அவர் நஷ்டஈடு தர வேண்டாம். மூழ்கின கலத்துக்கு என்ன மதிப்பு? டைட்டானிக் முதலாளிகள் இந்தச் சட்டத்தைத்தான் நீட்டினார்கள். மிஞ்சியிருந்தவை உயிர்காப்புப் படகுகள்.

1905-இல் ஸ்டேட்டன் தீவு ஃபெரியை நியூயார்க் மாநகராட்சியே எடுத்துக்கொண்டது. ஒரே ஆள், ஒரே வழித்தடம். அத்தனை சண்டை போட்டு உடைத்த ஏகபோகம், நகராட்சிச் சட்டை போட்டுக்கொண்டு துறையில் வந்து நின்றது. 1997 ஜூலை 4 முதல் டிக்கெட்டும் கிடையாது. இலவசம் என்பதால் யாரும் ஏகபோகம் என்று கூப்பிடவில்லை.

2003 அக்டோபரில் அந்த ஃபெரிகளில் ஒன்று முழு வேகத்தில் துறைச் சுவரில் மோதி 11 பேர் இறந்தார்கள். ஓட்டியவர் மயங்கிவிட்டார். சக்கர அறையில் இரண்டு பைலட் இருக்க வேண்டும் என்ற விதி காகிதத்தில் பத்திரமாக இருந்தது. 1838-ஆம் வருடச் சட்டத்தின் ஓரத்துப் பிரிவை எடுத்தார்கள். 165 வருடப் பழசு, ஆனால் பல் இருந்தது. ஓட்டியவரோடு சேர்ந்து, ஃபெரி சர்வீஸின் இயக்குநரும் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார்.

மாநகராட்சியின் வக்கீல்கள் எந்தச் சட்டத்தை எடுத்தார்கள்? 1851. எங்கள் பொறுப்பு படகின் மதிப்போடு சரி, 1 கோடியே 44 லட்சம் டாலர், அதற்கு மேல் கேட்காதீர்கள் என்றார்கள். அரசாங்கமே என்றாலும் படகு வாங்கிய நாளிலிருந்து அதுவும் படகு முதலாளிதான், முதலாளிக்கு உள்ள புத்தி அதற்கும் வரும். நீதிபதி மறுத்தார், 2008-இல் மேல்கோர்ட்டும் மறுத்தது: நீங்களே எழுதிய விதி நடப்பில் இருக்கிறதா என்று பார்க்காதவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. ஃபெரி இன்றைக்கும் இலவசம். நஷ்டஈடும் வக்கீல் ஃபீஸும் வரிப்பணத்தில் போய்விட்டதால், அக்கரைக்கே போகாதவர்களும் அதற்கு டிக்கெட் எடுத்தவர்கள்தான்.